பாதரசம் 724ல நிக்குதுங்க, லேப்பை மூடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன வாரம் நம்ம பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு அன்பர் எழுதியிருந்தாரு. இன்ஜினியரிங் காலேஜ்கள்ல தெர்மல் லேப் எல்லாம் சும்மா எடத்தை அடைச்சுட்டு கிடக்குது, இப்பல்லாம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே சிமுலேஷன் பண்ணிக்கலாம், அந்த எடத்துல கம்ப்யூட்டர் லேப் போட்டா பசங்களுக்கு வேலையாவது கிடைக்கும்னு. வேலை கிடைக்கணுங்கற அவரோட அக்கறை நியாயந்தான், எனக்கும் படிக்கற வயசுல ரெண்டு புள்ளைங்க இருக்காங்க. ஆனா லேப்பை பத்தி அவரு எழுதுனதை படிச்சதுல இருந்து மனசு ஆறலைங்க, அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

நான் கோயமுத்தூர்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல ஹீட் ட்ரான்ஸ்ஃபர் லேப் டெக்னீஷியன். 26 வருஷமாச்சு. ஐடிஐ முடிச்சு ஏசி மெக்கானிக்கா சுத்திட்டு இருந்தவன், பிரேசிங் நல்லா பண்ணுவேன்னு கூப்ட்டு உள்ள வெச்சாங்க. எங்க லேப்ல ஃப்ளோ பாய்லிங் ரிக் ஒண்ணு இருக்குது, பைப்புக்குள்ள ஓடிட்டே கொதிக்கற திரவம் பைப் சுவத்துல இருந்து எவ்வளவு சூட்டை வாங்குதுன்னு அளக்கற செட்டப். அதுல இருக்கற ஒவ்வொரு ஜாயின்ட்டும் நான் கைப்பட வெச்சது.

சட்டியில கொதிக்கறது வேற, ஓடிட்டே கொதிக்கறது வேறங்க. உங்க வீட்டு ஏசி இண்டோர் யூனிட்டுக்குள்ள இருக்கற காப்பர் ட்யூப்ல நடக்கறது இதுதான், ரூம் சூட்டை வாங்கி உள்ள கேஸ் கொதிச்சுட்டே ஓடுது. ஃப்ரிட்ஜ்லயும் அதேதான். பவர் ஸ்டேஷன் பாய்லர்ல நெருப்பை சுத்தி நிக்கற ட்யூப்ல தண்ணி கொதிச்சுட்டே மேல ஏறுது. எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டு கொதிக்க வைக்கறாங்கன்னா, ஒரு கிலோ தண்ணியை 30 டிகிரில இருந்து 100 டிகிரிக்கு கொண்டு போக 293 கிலோஜூல் போதும், அதே தண்ணி முழுசா ஆவியாகறதுக்கு 2,257 கிலோஜூல் வேணும், கிட்டத்தட்ட எட்டு மடங்கு. கொஞ்ச தண்ணியை வெச்சே அத்தனை சூட்டை அள்ளிட்டு போயிடலாம்.

எங்க ரிக்ல டெஸ்ட் செக்‌ஷன் (சூடு குடுத்து அளக்கற காப்பர் ட்யூப்) முடியற எடத்துல அதே 8 மில்லிமீட்டர் அளவுல ஒரு கண்ணாடி ட்யூப் வெச்சிருக்கேன். பின்னாடி ஒரு வெள்ளை எல்ஈடி பட்டை. முதல்ல பொடிப்பொடியா குமிழி வரும், முன்னாடியே சுட வைக்கற ப்ரீஹீட்டரை கொஞ்சம் ஏத்தினா குமிழிங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து விரல் நீளத்துக்கு வெண்டைக்காய் மாதிரி பாயும், இன்னும் ஏத்தினா நடுவுல முழுக்க ஆவி, சுவத்தை ஒட்டி மட்டும் மெல்லிசா திரவம், அது மேல சின்ன சின்ன அலை ஓடிட்டே இருக்கும். அதுக்கும் மேல போனா அந்த மெல்லிய படலம் மேல் பக்கம் முதல்ல கிழியும். பைப் படுத்து கெடக்கறதுனால திரவம் கீழ தங்கும், மேல காயும். அந்த நிமிஷம், சூட்டை அளக்க பைப்ல வெச்சிருக்கற தெர்மோகப்பிள் வயருங்கள்ல மேல் பக்கத்துது விறுவிறுன்னு ஏற ஆரம்பிச்சுடும், கீழ் பக்கத்துது அசையாம இருக்கும். தோசைக்கல்லு ரொம்ப காஞ்சு போச்சுன்னா தெளிச்ச தண்ணி சொய்ங்குன்னு வத்தாம உருண்டு உருண்டு ஓடும் பாருங்க, கல்லுக்கும் தண்ணிக்கும் நடுவுல ஆவி பூந்துக்கிட்டு சூட்டை எறங்க விடாது. இங்கயும் கதை அதுதான், திரவம் சுவத்தை தொடறது நின்னுபோனா சூடு போக வழியில்லாம பைப் மேலயே தேங்கும். இதை புஸ்தகத்துல நாலு தடவை படிச்சிருந்தாலும், கண்ணாடியில பாத்துட்டு திரும்பி மீட்டரை பாக்கறப்ப அந்த பசங்க மூஞ்சி மாறறதை நான் வருஷா வருஷம் பாக்கறேன்.

இப்ப சிமுலேஷன் விஷயத்துக்கு வரேன். கம்ப்யூட்டர் எங்கயிருந்துங்க விடை சொல்லும்? யாரோ அளந்ததை வெச்சுதான். 1934ல ஜப்பான்ல நுகியாமான்னு ஒரு புரொஃபசர் தண்ணிக்குள்ள மெல்லிய கம்பியை போட்டு கரண்ட் விட்டு, அந்த கம்பியையே ஹீட்டராவும் தெர்மாமீட்டராவும் வெச்சு அளந்தாரு, கொதிக்கறதை பத்தி இன்னைக்கு வரைக்கும் பாடத்துல போடற கர்வ் அவரு போட்டது. 1966ல ஜான் சென்னு ஒருத்தர் அமெரிக்காவுல, பைப்புக்குள்ள நடக்கறதை ரெண்டா பிரிச்சாரு. குமிழி செய்யற வேலை ஒண்ணு, ஓட்டம் செய்யற வேலை இன்னொண்ணு. ஓட்டம் வேகமானா ஓட்டத்தோட வேலை கூடும், சுவத்து பக்கம் இருக்கற படலம் மெல்லிசாகி குமிழியோட வேலை அமுங்கும். அந்த பார்முலாவை அவரு 600க்கும் மேல ரீடிங்கோட ஒப்பிட்டு பாத்தாரு, சராசரியா 12 சதவீதம் வித்தியாசம். 1990ல நம்ம நாட்டுல பம்பாய் ஐஐடில படிச்சுட்டு அமெரிக்காவுல ராச்செஸ்டர்ல புரொஃபசரா இருந்த சதீஷ் காண்ட்லிக்கர் 5,246 ரீடிங் சேர்த்து இன்னொரு பார்முலா குடுத்தாரு. அதுலயும் தண்ணிக்கு 16 சதவீதம், ஏசி கேஸ்களுக்கு 19 சதவீதம் கிட்ட வித்தியாசம் வருது. இவ்வளவு பெரியவங்க இத்தனை ஆயிரம் ரீடிங்கை வெச்சும் அந்த அளவுதான் கிட்ட போக முடிஞ்சுது. அந்த ஒவ்வொரு ரீடிங்கும் எங்கயோ ஒரு லேப்ல யாரோ ஒருத்தர் ராத்திரி பகலா உக்காந்து எடுத்தது. அளக்கறவங்க இல்லாம போயிட்டா கம்ப்யூட்டர் சொல்றது சரியா தப்பான்னு யாரு சொல்லுவா?

கல்பாக்கத்தை எடுத்துக்கோங்க. அங்க ஃபாஸ்ட் ப்ரீடர்ங்கற அணு உலைக்கு ஸ்டீம் ஜெனரேட்டர், 23 மீட்டர் நீள ட்யூபுங்க, வெளிய சுட சுட உருகின சோடியம், உள்ள தண்ணி கீழ இருந்து ஏறி மேல ஸ்டீமா வெளிய வருது. ஒரு ஜெனரேட்டருக்கு 547 ட்யூப். அவங்ககிட்ட இல்லாத கம்ப்யூட்டரா, இருந்தாலும் 19 ட்யூப் வெச்சு அதே 23 மீட்டர் நீளத்துல ஒரு மாதிரி ஜெனரேட்டர் செஞ்சு ஓட்டிப் பாத்தாங்க.

அளக்கறதுன்னா என்னன்னு கொஞ்சம் சொல்றேங்க, இது தெரியாமதான் லேப்னா சும்மா நாலு மெஷின்னு நினைச்சுக்கறாங்க. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் சுவர் வழியா எத்தனை வாட் சூடு போகுதுங்கற நம்பர்தான் ஹீட் ட்ரான்ஸ்ஃபர் கோஎஃபிஷியன்ட், அதை நேரா காட்டற மீட்டர்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது. மத்ததை எல்லாம் அளந்து அதை கணக்கு போட்டு எடுக்கணும். நாங்க ஓட்டறது ஃப்ரிட்ஜ்ல போடற ஆர்-134ஏ கேஸ், 5 பார் பிரஷர்ல வெச்சா 16 டிகிரி கிட்ட கொதிக்கும். ஒரு மீட்டர் காப்பர் ட்யூப்புக்கு ஹீட்டர்ல 250 வாட் குடுக்கறோம், அது சதுர மீட்டருக்கு 10 கிலோவாட் ஆகுது. நொடிக்கு 15 கிராம் கேஸ் ஓடுது. ட்யூப் சுவருக்கும் உள்ள கொதிக்கற திரவத்துக்கும் இருக்கற வித்தியாசம் எவ்வளவுன்னு நினைக்கறீங்க? ரெண்டே டிகிரிங்க. 10,000 வாட்டை 2 ஆல வகுத்தா 5,000, அதுதான் விடை. இப்ப கடையில வாங்கற டி டைப் தெர்மோகப்பிள் அப்படியே மாட்டினா 1 டிகிரி வரைக்கும் தப்பா காட்டலாம். ரெண்டுல ஒண்ணு தப்புன்னா பாதிக்கு பாதி போச்சு. அரை டிகிரி தப்பானாலே நாலுல ஒரு பங்கு போச்சுங்க.

அதனால ஒவ்வொரு தெர்மோகப்பிளையும் ஐஸ் பாத்துல முக்கி எடுக்கறோம். தெர்மாஸ் ஃபிளாஸ்க்ல டிஸ்டில்ட் வாட்டர், அதுல டிஸ்டில்ட் வாட்டர்லயே பண்ணின ஐஸை நல்லா பொடிச்சு போட்டு, கூழ் மாதிரி ஆனதும் அதுல வெச்சு ஜீரோ பாக்கணும், கட்டி கட்டியா மெதந்தா ஜீரோ வராது. அப்புறம் ட்யூப்ல மேல, கீழ, ரெண்டு பக்கவாட்டுலன்னு சின்னதா பள்ளம் எடுத்து அதுல வெச்சு சால்டர் பண்ணணும். வயரை நேரா வெளிய இழுத்துடக்கூடாது, ட்யூபை ஒட்டியே கொஞ்ச தூரம் ஓட்டிட்டுதான் வெளிய எடுக்கணும், இல்லைன்னா வெளி சூடு வயர் வழியாவே உள்ள வந்து முனையை சுட வெச்சுடும். கம்ப்ரஸர் வெச்சு ஓட்டினா ஆயில் கலந்து கொதிக்கற விதமே மாறிடும், அதுக்காக தனியா கியர் பம்ப். இன்சுலேஷன் எவ்வளவு சுத்தினாலும் சூடு கொஞ்சம் தப்பத்தான் செய்யும். எங்களுக்கு நஷ்டம் இல்ல, வரவு, ஏன்னா உள்ள 16 டிகிரி, வெளிய லேப் 30 டிகிரி, ரூம்ல இருந்து சூடு உள்ள போயிட்டே இருக்குது. அதனால கொதிக்க விடறதுக்கு முன்னாடி, கொதிக்காத திரவமாவே ஓட விட்டு, கரண்ட்ல குடுத்த வாட்டும் திரவம் வாங்கின வாட்டும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும், ஹீட் பேலன்ஸ்ங்கறது இதுதான். இது ஒத்து வராம நான் எந்த பசங்களையும் அடுத்த ஸ்டெப்புக்கு விடறதில்ல, திட்டு வாங்கியிருக்கேன் அதுக்கு.

சில வருஷம் முன்னாடி நடந்ததை சொல்றேன். கேஸ் எத்தனை டிகிரில கொதிக்குதுங்கறதை பிரஷரை வெச்சுதான் கம்ப்யூட்டர் கணக்கு போடும், அந்த பிரஷரை அளக்கற எங்க பழைய ட்ரான்ஸ்மிட்டர் போயிடுச்சு. அது அப்சொல்யூட் பிரஷர், அதாவது காத்தோட பிரஷரையும் சேர்த்த மொத்த பிரஷரை காட்டறது. பட்ஜெட்ல கிடைச்சது கேஜ் பிரஷர் காட்டறது, அதாவது வெளிக்காத்தோட பிரஷரை விட எவ்வளவு கூடுதல்னு மட்டும் சொல்லும், காத்தோட பிரஷரை நாமதான் கூட்டணும். கம்ப்யூட்டர்ல 1.013 பார்னு கூட்டற மாதிரி ப்ரோக்ராம் எழுதி வெச்சாச்சு, எல்லா புஸ்தகத்துலயும் இருக்கற நம்பர் அதுதான. அந்த வருஷ ஃபைனல் இயர் பேட்ச், மூணு பசங்க ஒரு பொண்ணு, ரீடிங் எடுத்தாங்க. 5,000 வரவேண்டிய எடத்துல 5,900 வருது. அதே ட்யூப், அதே கேஸ், அதே ஓட்டம், முந்தின பேட்ச் எடுத்ததை விட 18 சதவீதம் அதிகம். தெர்மோகப்பிளை எல்லாம் திரும்ப ஐஸ்ல வெச்சு பாத்தோம், சரியா இருக்குது. ஹீட் பேலன்ஸ் சரியா இருக்குது. பார்முலாவோட தப்பே 15, 20 சதவீதம் இருக்குமே, அதுக்குள்ளதான இருக்குது, அப்படியே எழுதி குடுங்கன்னு ஒருத்தர் சொல்லிட்டு போயிட்டாரு.

அந்த பொண்ணுக்கு மனசு வரல. ரெண்டு நாள் கழிச்சு வந்து, "அண்ணா, நம்ம ஊர்ல காத்தோட பிரஷர் நெஜமா 1.013 தானா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு சுருக்குன்னுச்சுங்க. வா கண்ணுன்னு ஃபிசிக்ஸ் லேபுக்கு கூட்டிட்டு போனேன், அங்க சுவத்துல ஒரு பழைய பாதரச பாரோமீட்டர் தொங்கிட்டு இருக்குது, கண்ணாடி மேல தூசி. தொடச்சுட்டு அந்த பொண்ணு குனிஞ்சு கண்ணை மட்டத்துக்கு வெச்சு படிச்சுது. 724 மில்லிமீட்டர். 760 இல்ல. நம்ம கோயமுத்தூர் கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டருக்கு மேல உசரத்துல இருக்குது, இங்க காத்தோட பிரஷர் 0.965 பார்தான். ஊட்டிக்கு போனா பருப்பு வேக நேரமாகுதுன்னு வீட்ல சொல்லுவாங்களே, அது எதனாலயோ அதேதான் இங்க கொஞ்சமா. 0.05 பார் அதிகமா கூட்டினதால கம்ப்யூட்டர் கேஸ் கொதிக்கற டெம்பரேச்சரை 0.3 டிகிரி கூட்டி காட்டியிருக்குது. 2 டிகிரி வித்தியாசம் 1.7 ஆச்சு. 10,000த்தை 1.7ஆல வகுத்து பாருங்க, அந்த 5,900 வந்துடும்.

இத்தனைக்கும் வேற எதுலயும் தப்பு இல்லைங்க. எத்தனை நாள் ஆனாலும் அந்த ப்ரோக்ராம் தானா வந்து நம்ம ஊரு மேட்டுல இருக்குதுன்னு சொல்லியிருக்காது. அந்த பொண்ணு இப்ப ஒரு கம்பெனில ஹீட் எக்ஸ்சேஞ்சர் டிசைன்ல இருக்குது, போன தீபாவளிக்கு போன் பண்ணப்பவும் 724 அண்ணான்னுதான் பேச்சை ஆரம்பிச்சுது.

இதெல்லாம் பரீட்சை மார்க்குக்கு மட்டும் ஆகறதா இருந்தா நான் இவ்வளவு எழுத மாட்டேன். திருப்பூர் பக்கம் அயர்னிங் யூனிட்கள்ல சின்ன காயில் பாய்லர் வெச்சிருப்பாங்க, சுருள் பைப்புக்குள்ள தண்ணி ஓடி அப்படியே ஸ்டீமா வரும். இது அச்சு அசல் ஃப்ளோ பாய்லிங். என் மச்சான் அந்த ரிப்பேர் வேலைதான் பாக்கறாரு. ஒரு யூனிட்ல ஒரே எடத்துல திரும்ப திரும்ப காயில் ஓட்டை விழுகுது, மெட்டீரியல் சரியில்லைன்னு ரெண்டு தடவை காயில் மாத்தியாச்சு, மூணாவது தடவையும் கடைசி சுத்துக்கு முந்தின சுத்துலயே போச்சு. வெட்டின துண்டை மச்சான் என்கிட்ட கொண்டு வந்தாரு. உள்ள வெள்ளையா ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு உப்பு படிஞ்சிருக்கு, அதுவும் அந்த ஒரு சாண் நீளத்துல மட்டும் கெட்டியா, முன்ன பின்ன லேசா. கண்ணாடி ட்யூப்ல நான் பாக்கற அதே எடங்க அது, சுவத்துல இருக்கற மெல்லிய படலம் காயற எடம். தண்ணி போயிடும், அதுல கரைஞ்சிருந்த உப்பு அங்கயே தங்கும். நெருப்பு படற எடத்துல சதுர மீட்டருக்கு 100 கிலோவாட் எறங்குதுன்னு வெச்சுக்கோங்க, ஒரு மில்லிமீட்டர் உப்பு இருந்தா பைப் சுவர் கிட்டத்தட்ட 100 டிகிரி கூடுதலா சுடும், ரெண்டு மில்லிமீட்டர்னா 200. அதோட உள்பக்கம் காஞ்சும் போச்சுன்னா எந்த இரும்பு தாங்கும்? காயில் மேல குத்தம் இல்ல, தண்ணியை சாஃப்ட்னர் போட்டு விடுங்க, பம்ப் ஓட்டம் குறைஞ்சிருக்கான்னு பாருங்கன்னு சொன்னேன். பம்ப் வால்வு தேஞ்சு ஓட்டம் குறைஞ்சுதான் இருந்துச்சு. பக்கத்துல நாலு பொம்பளைங்க நின்னு துணி தேய்க்கற எடம் அது.

இன்னொண்ணு. 2016ல ருவாண்டாவுல கிகாலியில போட்ட ஒப்பந்தத்துல இந்தியாவும் 2021ல சேர்ந்துடுச்சு, அதன்படி ஆர்-134ஏ மாதிரி பூமியை சூடாக்கற கேஸை 2028ல இதுக்கு மேல கூட்டக்கூடாதுன்னு நிறுத்தி, 2032ல இருந்து குறைச்சுட்டே வந்து 2047க்குள்ள 85 சதவீதம் குறைக்கணும். புது புது கேஸ் வரும், ஒவ்வொண்ணும் பைப்புக்குள்ள வேற விதமா கொதிக்கும். நம்ம ஊரு வெயிலுக்கு, நம்ம பைப் சைஸுக்கு யாராவது அளந்துதான ஆகணும். வெளிநாட்டுக்காரங்க அளந்து குடுக்கட்டும், நாம கம்ப்யூட்டர்ல போட்டு படம் பாத்துக்கலாம்னு உக்காந்தா எப்படிங்க?

எங்க லேப்ல குறை இல்லாம இல்ல. பல பேட்ச் பசங்க போன வருஷத்து ரெக்கார்டை பாத்து ரீடிங் எழுதறாங்க, பார்முலா கோட்டு மேல புள்ளி வந்தாதான் முழு மார்க்குன்னு ஒரு பழக்கம் ஆயிடுச்சு, அப்புறம் எவன் உண்மையான ரீடிங்கை எழுதுவான். இதை மாத்தணும்னா லேப்பை மூட வேண்டியதில்ல, மார்க் போடற விதத்தை மாத்தினா போதும். கோட்டுல இருந்து தள்ளி விழுந்த புள்ளிக்கு காரணம் கண்டுபுடிச்சு எழுதறவனுக்கு மார்க் குடுங்க. எத்தனை சதவீதம் தப்பு இருக்கலாம்னு கணக்கு போட்டு காட்டாத ரிப்போர்ட்டை திருப்பி குடுங்க. யுனிவர்சிட்டி பெரியவங்க யாராவது இதை படிச்சா இந்த ஒண்ணை மட்டும் யோசிக்கணும்னு கேட்டுக்கறேன்.

அந்த அன்பர் கடிதம் என்னை இவ்வளவு பாதிச்சதுக்கு காரணம் இருக்குதுங்க. எங்க காலேஜ்லயும் அதே பேச்சு ஓடுது. இந்த செமஸ்டர் முடிஞ்சதும் எங்க ரிக்கை கழட்டி, காப்பர் தனியா ஸ்டீல் தனியா எடைக்கு போட்டுட்டு அந்த எடத்தை வேற எதுக்கோ எடுக்கப்போறாங்களாம். போடறதும் வெக்கறதும் அவங்க இஷ்டம், எனக்கு அதுல உரிமை இல்ல. ஆனா இந்த வருஷ பேட்ச் ஹீட் பேலன்ஸ் முடிச்சு, பாரோமீட்டர் பாத்து எழுதி, ட்ரைனஸ் ஃப்ராக்‌ஷன் (ஓடறதுல எடைக்கு எத்தனை பங்கு ஆவிங்கற கணக்கு) 0.7 வரைக்கும் ரீடிங் எடுத்துட்டாங்க. அதுக்கு மேல, மேல் பக்க சுவர் காய ஆரம்பிக்கற எடத்துல இருந்து 0.95 வரைக்கும், இன்னும் எடுக்கல. பொறுமையா எடுத்தா மூணு வாரம் ஆகும். அந்த மூணு வாரம் மட்டும் ரிக் மேல கை வைக்காம இருங்கன்னு எங்க காலேஜ் பெரியவங்களுக்கு உங்க பேப்பர் மூலமா சொல்லிக்கறேன், சாவி என்கிட்டதான் இருக்குது, லீவு நாள்லயும் வந்து தொறந்து விடறேன்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
கோயமுத்தூர்